சிப் வைத்த பாஸ்போர்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் இ-பாஸ்போர்ட் (நம் விவரங்கள் எழுதிய சிப் உள்ளே வைத்த பாஸ்போர்ட்) பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன், அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேருக்கு மேல் கேட்டிருப்பது ஒரே கேள்வி. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என் பாஸ்போர்ட் 2031 வரை செல்லும். அதைக் கொடுத்துவிட்டு இப்போதே சிப் வைத்ததாக மாற்றிக்கொள்ள வேண்டுமா? மாற்றாவிட்டால் ஏர்போர்ட்டில் நிறுத்திவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. (வாசகர், தென்காசி)

வேண்டாம். யாரும் நிறுத்த மாட்டார்கள். கையில் இருக்கும் பாஸ்போர்ட் அதில் அச்சிட்ட தேதி வரை செல்லும் என்று வெளியுறவு அமைச்சகமே தெளிவாகச் சொல்லிவிட்டது. பக்கம் தீர்ந்தாலோ, காலாவதி நெருங்கினாலோ, முகவரியோ பெயரோ மாறினாலோ ரீஇஷ்யூவுக்குப் போவீர்கள் அல்லவா, அப்போது உங்கள் கைக்கு வருவது சிப் வைத்த புத்தகமாகத்தான் இருக்கும், அதற்கென்று தனியாக எதுவும் கேட்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்குப் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும் என்பதால், 2025இல் பழைய வகைப் புத்தகம் வாங்கியவர்கள்கூட 2035 வரை அதையே வைத்துக்கொள்ளலாம். காலாவதித் தேதியை மட்டும் கவனியுங்கள். பல நாடுகள் உள்ளே நுழையும்போது குறைந்தது ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன, ஆகவே கடைசி வருடம் வந்ததும் விண்ணப்பித்துவிடுவது நல்லது. பழைய புத்தகத்தில் செல்லுபடியாகும் விசா இருந்தால் அதையும் புதியதோடு சேர்த்து எடுத்துப் போங்கள்.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிய வேண்டுமா? முன் அட்டையில் கீழ்ப்பக்கம் தங்க நிறத்தில் ஒரு சின்னச் செவ்வகம், நடுவில் வட்டம் என்று ஒரு குறி இருந்தால் அது இ-பாஸ்போர்ட்.

எங்கள் ஊரில் ஒரு ஏஜென்ட், 'சிப் பாஸ்போர்ட்டுக்குத் தனி ஃபீஸ்' என்று கூடுதலாக 4,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, கள்ளக்குறிச்சி)

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. கட்டணம் மாறவே இல்லை. பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் சாதாரண முறையில் 1,500 ரூபாய், தத்காலில் 3,500. 60 பக்கம் என்றால் 2,000, தத்காலில் 4,000. சிப்புக்கு என்று தனி விண்ணப்பமோ தனி வரிசையோ கிடையாது. பாஸ்போர்ட் சேவா அரசு இணையதளத்தில் (முகவரி ஜிஓவி.இன் என்று முடிய வேண்டும், இதே பெயர் சாயலில் போலித் தளங்கள் நிறைய உண்டு) நீங்களே பதிவு செய்து பணம் கட்டி அப்பாயின்ட்மென்ட் எடுத்துவிடலாம். ஃபாரம் நிரப்பத் தெரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையை அரைமணி நேரம் உட்கார வையுங்கள், போதும்.

பக்கத்து நாடுகள் எல்லாம் முன்பே கொடுத்துவிட்டன என்கிறார்கள். இந்தியாவுக்கு ஏன் இவ்வளவு காலம் ஆனது? (கல்லூரி மாணவர், மதுரை)

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாஸ்போர்ட்டில் சிப் வைத்த முதல் நாடு மலேசியா, 1998இல். ஆனால் அன்றைக்கு அதற்கு உலகப் பொதுத் தரம் எதுவும் இல்லை. பிறகு சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரு தரம் வகுத்தது, அதன்படி முதலில் கொடுத்தது பெல்ஜியம், 2004இல். அமெரிக்கா 2006இல் தொடங்கியது. விசா இல்லாமல் தன் நாட்டுக்கு வரும் சலுகை பெற்ற நாடுகளும் சிப் வைத்த புத்தகமே கொடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு அக்டோபரிலிருந்து அமெரிக்கா கட்டாயப்படுத்தியதால், பணக்கார நாடுகள் எல்லாம் அடித்துப் பிடித்துக்கொண்டு மாறின. நமக்கு அந்தச் சலுகையும் இல்லை, அந்த நெருக்கடியும் இல்லை.

ஆனாலும் இந்தியா சும்மா இருந்துவிடவில்லை. 2008 ஜூனிலேயே சோதனை முறையில் முதல் இ-பாஸ்போர்ட் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலுக்கு வழங்கப்பட்டது. தூதரக அதிகாரிகளுக்கும் அரசு அலுவலாகப் போகிறவர்களுக்கும் மட்டும் என்று ஆரம்பித்தது பொதுமக்களிடம் வருவதற்கு 16 ஆண்டு ஆகிவிட்டது. 2019 ஜனவரியில் வாரணாசியில் நடந்த வெளிநாடுவாழ் இந்தியர் மாநாட்டில் பிரதமர் அறிவித்தார், 2022 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022-23இலேயே வரும் என்றார். உண்மையில் வந்தது 2024 ஏப்ரலில், அதுவும் நாக்பூர், புவனேஸ்வர் என்று இரண்டு அலுவலகங்களில் சோதனையாக. சென்னை மண்டல அலுவலகத்தில் 2025 மார்ச் 3ஆம் தேதி ஆரம்பித்தார்கள், அந்த மாதம் 22ஆம் தேதிக்குள் தமிழ்நாட்டில் 20,729 புத்தகங்கள் கொடுத்தாகிவிட்டது. ஜூனுக்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. இதற்கு நடுவே வங்கதேசம் 2020 ஜனவரியிலும் நேபாளம் 2021 நவம்பரிலும் முந்திக்கொண்டன என்பது உண்மைதான்.

அறிவித்தது ஒரு வருடம், வந்தது இன்னொரு வருடம் என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் இதற்கு என்னென்ன தயாராக வேண்டியிருந்தது என்பதையும் பாருங்கள். பாஸ்போர்ட் புத்தகம் அச்சாவது நாசிக்கில் உள்ள இந்தியப் பாதுகாப்பு அச்சகத்தில். சிப்பும் அதன் ஆன்டெனாவும் ஒரு மெல்லிய தகட்டில் சேர்ந்து வரும், அதைப் புத்தகத்துக்குள் பொதிய வேண்டும், பத்து வருடம் பையில் கசங்கினாலும் பிரிந்து வரக் கூடாது, கோடிக்கணக்கில் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். வெற்றுப் புத்தகம் நாசிக்கிலிருந்து அந்தந்த அலுவலகத்துக்கு வந்து, அங்கேதான் உங்கள் விவரம் அச்சாகிச் சிப்பிலும் எழுதப்படுகிறது, ஆகவே ஒவ்வொரு அலுவலகத்திலும் இயந்திரமும் மென்பொருளும் மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எழுதியதில் இந்திய அரசின் டிஜிட்டல் கையொப்பம் (எழுதியதை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் மின்னணு முத்திரை) விழ வேண்டும், அந்தக் கையொப்பம் உண்மையா என்று துபாயிலும் ஃபிராங்க்பர்ட்டிலும் உட்கார்ந்திருக்கும் அதிகாரி சரிபார்க்க வழி இருக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்று அரைகுறையாக இருந்தால் மொத்தமும் வீண். இரண்டு ஊரில் சோதித்து, அப்புறம் அலுவலகம் அலுவலகமாக விரித்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் இனி போலி பாஸ்போர்ட் என்பதே இருக்காதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

இதில்தான் விளம்பரத்துக்கும் நிஜத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, ஐயா.

சிப்பில் இருப்பது பெரும்பாலும் நீங்கள் முதல் பக்கத்தில் பார்ப்பதுதான்: பெயர், பிறந்த தேதி, எண், காலாவதித் தேதி, முகப்படம். உலகத் தரப்படி முகப்படம் கட்டாயம், விரல்ரேகையும் கருவிழிப் பதிவும் அந்தந்த நாட்டின் விருப்பம். இவை எல்லாவற்றின் மேலும் அரசின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அந்தக் காலத்து இன்ஷூர்டு தபாலில் அரக்கு முத்திரை இருக்குமே, உள்ளே யாராவது கை வைத்தால் முத்திரை உடைந்து காட்டிக்கொடுக்கும், அதே வேலைதான் இதுவும். திருடிய பாஸ்போர்ட்டில் படத்தை மட்டும் உரித்து வேறு படம் ஒட்டுகிற பழைய வித்தை இங்கே எடுபடாது, ஏனென்றால் சிப்பில் இருக்கும் முகம் வேறாக இருக்கும், சிப்பை மாற்றினால் கையொப்பம் பொருந்தாது.

ஆனால் முத்திரையைப் பார்க்க வேண்டியவர் பார்த்தால்தானே? 2008இல் ஒரு டச்சு ஆய்வாளர் எல்விஸ் பிரெஸ்லியின் படத்தையும் பெயரையும் போட்டு ஒரு சிப் தயாரித்து, ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் இருந்த தானியங்கி இயந்திரத்தில் காட்டினார். இயந்திரம் ஏற்றுக்கொண்டது, காரணம் அது கையொப்பத்தைச் சரிபார்க்கவே இல்லை. 2018 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டர்கள் இருவர், எல்லைக் காவல் துறையிடம் சிப்பைப் படிக்கக் கருவி இருக்கிறது, கையொப்பத்தைச் சரிபார்க்க மென்பொருள் இல்லை என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். மற்ற நாடுகளை எல்லாம் இதற்கு மாறச் சொல்லி நெருக்கிய நாட்டிலேயே 12 வருடம் கழித்து அந்த நிலை.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. உள்ளே போகிற விவரமே பொய்யாக இருந்தால் என்ன ஆகும்? போலிப் பிறப்புச் சான்றிதழையும் போலி முகவரியையும் காட்டி ஒருவர் பாஸ்போர்ட் வாங்கிவிட்டால், அந்தப் பொய்க்கும் அரசின் கையொப்பம் விழுந்துவிடும், உலகமே அதை நம்பும். சிப் காப்பது புத்தகத்தை, அதற்கு ஆதாரமாகக் கொடுத்த காகிதத்தை அல்ல. அதனால்தான் 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதி ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும் என்று கொண்டுவந்த விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். போலீஸ் வெரிஃபிகேஷனையும் யாரும் வெறும் சடங்காக நினைக்க வேண்டாம்.

என் ஆதாரில் இன்ஷியலோடு பெயர் இருக்கிறது, மார்க் ஷீட்டில் வேறு மாதிரி. துபாய் வேலைக்குப் புதிதாக பாஸ்போர்ட் எடுக்கிறேன். சிப் வந்தபிறகு பெயர் சிக்கல் அதிகமாகுமா? (வாசகர், பரமக்குடி)

இத்தனை கடிதங்களில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதுதான், தயவுசெய்து எல்லோரும் படியுங்கள்.

சிக்கல் சிப்பால் வருவதில்லை, நாம் பெயர் வைக்கும் முறைக்கும் பாஸ்போர்ட் ஃபாரத்துக்கும் ஒத்துவராததால் வருவது. நமக்கு ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் இன்ஷியலாகப் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நம்மவர்களில் பலர் இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் கிடைத்துவிடும், தொல்லை அப்புறம் ஆரம்பிக்கும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று அறிவித்தபோது தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். பிறகு இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். என்றாலும் டிக்கெட் போடும்போது, வேறு நாட்டு விசா ஃபாரம் நிரப்பும்போது என்று ஒவ்வொரு இடத்திலும் ஒற்றைப் பெயர் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயரை முழுதாகப் போடுங்கள், பெண்கள் என்றால் கல்யாணத்துக்குப் பிறகும் அதையே வைத்துக்கொள்ளலாம், கணவர் பெயருக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வரிசையாகச் செய்யுங்கள். முதலில் மார்க் ஷீட்டில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம்தான் பாஸ்போர்ட் ஃபாரம். சேவா மையத்தில் 'ஏ' கவுன்ட்டரில் படமும் விரல்ரேகையும் எடுத்து விவரங்களைத் திரையில் காட்டுவார்கள், அந்த இரண்டு நிமிடம்தான் உங்கள் கையில் இருக்கும் நேரம். பின்னால் வரிசை நீளமாக நிற்கிறதே என்று கூச்சப்பட்டு 'சரி சரி' என்று தலையாட்டாதீர்கள், பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'பி', 'சி' கவுன்ட்டர் தாண்டி அச்சாகிவிட்டால், சிப்பில் எழுதிய விவரத்தைத் திறந்து ஒரு எழுத்தை மட்டும் மாற்ற முடியாது. புதுப் புத்தகம்தான், மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு.

சிப் வழியாக நான் எங்கே இருக்கிறேன் என்று அரசாங்கம் கண்காணிக்க முடியுமா? (வாசகர், ஓசூர்)

முடியாது. அதற்குள் பேட்டரியும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. படிக்கும் கருவியின் மேல் வைத்தால் அந்தக் கருவி தரும் சக்தியில்தான் கண் விழிக்கும், எடுத்துவிட்டால் வெறும் தகடு.

பஸ்ஸில், ரயிலில் பக்கத்தில் நிற்பவர் மொபைலை வைத்துப் பையிலிருந்தபடியே விவரத்தைத் திருடிவிடலாம் என்று படித்தேன். அதைத் தடுக்கும் உறை வாங்க வேண்டுமா? (வாசகி, கோயம்புத்தூர்)

உறை வாங்கினால் தப்பில்லை, ஆனால் அவசியமும் இல்லை. ஒன்று, சில சென்டிமீட்டர் நெருக்கத்தில்தான் இந்தச் சிப்பைப் படிக்க முடியும். இரண்டு, நெருங்கினாலும் பூட்டியிருக்கும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் கொடுத்தால்தான் திறக்கும், அதற்காகத்தான் இமிகிரேஷனில் முதலில் படம் உள்ள பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரியை இயந்திரத்தில் காட்டுகிறார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பூட்டின் சாவியான அந்த மூன்று விவரத்தையும் நாமே ஊருக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். விசா கிடைத்த சந்தோஷத்தில் பாஸ்போர்ட்டைத் திறந்து படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடுவது, டூர்காரர் கேட்டார் என்று முகம் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது, ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்த ஃபைலை அழிக்காமல் வருவது. பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவரைவிட இதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். சிப்பைத் தொடாமலே உங்கள் பெயரில் மோசடி செய்ய அந்தப் படம் போதும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு எங்களிடம் கைவிரல் அடையாளம் எடுக்கிறார்கள், அப்படியென்றால் அது இலத்திரனியல் கடவுச்சீட்டுத்தானா? (வாசகி, நல்லூர்)

இல்லை. அங்கே 2015இலிருந்து விரல் அடையாளம் எடுக்கிறார்கள், ஆனால் அது திணைக்களத்தின் கணினியில் இருக்கும் பதிவு. புத்தகத்துக்குள் சிப் இருந்தால்தான் இலத்திரனியல் கடவுச்சீட்டு. 2024இல் சிப் வைத்த புத்தகங்களுக்கான கொள்முதல் வழக்கில் மாட்டிக்கொள்ள, கையிருப்பில் இருந்த சாதாரண வெற்றுப் புத்தகங்களும் குறைந்துபோய், கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் உள்ள கடவுச்சீட்டு அலுவலகத்தில் மக்கள் விடிய விடிய வரிசையில் நின்றது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதியது வரும்வரை பழையது தீராமல் பார்த்துக்கொள்வதும் தயாரிப்பில் ஒரு பகுதி. தூரத்திலிருந்து பஸ்ஸேறி வந்து காத்துக்கிடந்த மக்களை நினைத்தால் இப்போதும் மனசு பொறுக்கவில்லை.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். இ-பாஸ்போர்ட் இருந்தால் திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நிற்காமல் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாமா? (வாசகர், புதுக்கோட்டை)

இரண்டும் வேறு வேறு. அந்தக் கதவுகள் உள்துறை அமைச்சகத்தின் துரித இமிகிரேஷன் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு. 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. இணையத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அவர்கள் சரிபார்த்து ஒப்புதல் தந்தபின் விரல்ரேகையும் முகப்படமும் கொடுக்க வேண்டும், இந்தியக் குடிமக்களுக்குக் கட்டணம் இல்லை. பழைய வகைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரும் சேரலாம். பதிவு ஐந்து ஆண்டு வரையோ பாஸ்போர்ட் காலாவதி வரையோ, எது முந்தியோ அதுவரை செல்லும், ஆகவே பாஸ்போர்ட் முடியப்போகிற நேரத்தில் பதிவு செய்து பயனில்லை.

சட்டைப் பையோடு துவைத்துவிட்டேன், காய்ந்ததும் சரியாகத்தான் தெரிகிறது. சிப் கெட்டிருக்குமா? (வாசகர், ஈரோடு)

வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. எடுத்துக்கொண்டு பயணம் போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எழுத்து கலங்கியிருந்தாலோ தாள் பிரிந்திருந்தாலோ சேதமான பாஸ்போர்ட் என்று ரீஇஷ்யூ கேளுங்கள். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: அட்டையில் ஸ்டேப்ளர் அடிக்காதீர்கள், துளை போடாதீர்கள், பின் பாக்கெட்டில் வைத்து உட்காராதீர்கள், ஈரமானதை இஸ்திரிப் பெட்டியால் காய வைக்காதீர்கள்.

நான் பத்தாவது முடிக்கவில்லை. புது பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை (சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்முன் அரசின் அனுமதி பெற வேண்டும் என்ற குறி) போய்விடுமா? (வாசகர், ராமநாதபுரம்)

போகாது. அது வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பாதுகாக்க வந்த விதி, சிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தனித்தேர்வாகப் பத்தாவது எழுதித் தேறினால் அந்தச் சான்றைக் காட்டி நீக்கிக்கொள்ளலாம். முடிந்தால் எழுதுங்கள் தம்பி.

ஒன்றரை வயதுப் பேத்திக்கு எடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்றுதான் இருக்கிறது. (பாட்டி, திருவாரூர்)

முதலில் பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைச் சேருங்கள் அம்மா. ஒரு வருடம் தாண்டிவிட்டதால் சிறிய தாமதக் கட்டணம் இருக்கும். அதற்கப்புறம் விண்ணப்பியுங்கள். நான்கு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மையத்தில் படம் எடுப்பதில்லை, வெள்ளைப் பின்னணியில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும், அதனால் வெள்ளைச் சட்டை வேண்டாம். குழந்தைக்குக் கட்டணம் 1,000 ரூபாய், எட்டு வயதுக்குள் என்பதால் அதிலும் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. ஐந்து ஆண்டு செல்லும்.